பதினெட்டு முடிந்த மறுநாள்



இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே, உங்களில் பெரும்பாலோருக்கு இப்போது 20, 21 வயது. இந்தக் கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு இங்கே வந்து உட்காருவதற்குள் உங்கள் வீட்டில் என்னென்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் வருட ஃபீஸுக்கு அம்மா தோட்டை அடகு வைத்திருப்பார். அரியர் விழுந்தபோது, ‘போனால் போகுது, அடுத்த தடவை பார்த்துக்கலாம்’ என்று அப்பா சொல்லியிருப்பார். ஹாஸ்டலில் காய்ச்சலாகப் படுத்தபோது ஒரு நம்பருக்குப் போன் போட்டிருப்பீர்கள். மறுநாள் காலையில் தூக்குவாளியில் ரசம் சாதத்தோடு யாராவது வந்து நின்றிருப்பார்கள். உங்களில் பலருடைய வங்கிக் கணக்கில் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாயும் ஏறியிருக்கும். வீடு ஒரு கையும் அரசாங்கம் ஒரு கையுமாகத் தாங்கித்தான் இந்த மேடைவரை வந்திருக்கிறீர்கள். இதில் குறைவு ஒன்றும் இல்லை. அப்படித் தாங்கினால்தான் யாருமே மேலே வர முடியும்.

அதே 21 வயதில், இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், போன் போட ஒரு நம்பர் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்றைக்கு நான் பேச வந்தது அவர்களைப் பற்றி. குழந்தைகள் காப்பகத்தில் வளர்ந்து, 18 முடிந்ததும் வெளியே வந்தவர்கள். வீட்டில் அடி தாங்காமல் ஓடிவந்து பஸ் ஸ்டாண்டுகளில் தலையெடுத்தவர்கள். செங்கல் சூளைக்கும் பெங்களூர் கட்டட வேலைக்கும் பெற்றோரோடு போய்ப் பள்ளிக்கூடத்தை நடுவில் விட்டவர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் பலர் நம் மாவட்டத்துக்காரர்கள். அன்று தகப்பனை இழந்த பத்து வயதுப் பிள்ளைக்கு இன்று உங்கள் வயதை ஒட்டித்தான் இருக்கும்.

பட்டமளிப்பு விழாவில் இதைப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நான் வேறொரு மாவட்டத்தில் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராக இருந்தவன். எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்ற பிள்ளைகளுக்குச் சட்டம் இருந்தது. திட்டம் இருந்தது. சில நேரம் பணமும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த, சம்பளம் வாங்குகிற, ‘இது என் பொறுப்பு’ என்று சொல்கிற ஒரு பெரிய ஆள் மட்டும் இல்லை. நாளை காலை முதல் நீங்கள் எல்லோரும் அந்த வகை ஆட்கள். அதனால்தான் உங்களிடம் பேசுகிறேன்.

இந்த மண்டபத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ரமணாசிரமம் இருக்கிறது. செங்கம் சாலையில் அந்த வாசலைத் தினமும் கடந்துபோகிற நமக்கு ஒரு விஷயம் அவ்வளவாக நினைவில் நிற்பதில்லை. 1896 செப்டம்பர் 1 அன்று காலை இந்த ஊர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கிய வேங்கடராமனுக்கு 16 வயது. தகப்பனார் காலமாகிவிட்டார். மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்த பையன். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கு வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, தன்னைத் தேட வேண்டாம் என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, ஆகஸ்ட் 29 அன்று வீட்டை விட்டுக் கிளம்பினார். பழைய வரைபடத்தைப் பார்த்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தார். விழுப்புரத்தில் இறங்கி மாற வேண்டும் என்று ரயிலில் கூட வந்த ஒரு மௌல்விதான் வழி சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். விழுப்புரத்தில் சாப்பிட்ட ஓட்டலில், பையனிடம் இருந்த சில்லறையைப் பார்த்துவிட்டுக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார் ஓட்டல்காரர். மாம்பழப்பட்டுவரைதான் டிக்கெட்டுக்குப் பணம் இருந்தது. அங்கிருந்து நடை. அரையணிநல்லூர்க் கோயிலில் சோறு கேட்டு, இல்லையென்ற பதில் கிடைத்தது. கீழூர் வீரட்டேஸ்வரர் கோயிலில் மேளம் வாசிக்கிறவர் தன் பங்குச் சோற்றை இந்தப் பையனுக்குக் கொடுக்கச் சொன்னார். மறுநாள் கிருஷ்ண ஜயந்தி. முத்துக்கிருஷ்ண பாகவதர் வீட்டில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். கடுக்கனை ஈடாக வாங்கிக்கொண்டு 4 ரூபாய் கொடுத்தார் பாகவதர். திருப்பிக்கொள்ள வசதியாக விலாசம் எழுதிக் கொடுத்தார்கள். வழிக்குப் பலகாரமும் கட்டிக் கொடுத்தார்கள்.

அவர் பின்னாளில் ரமண மகரிஷி ஆனார் என்று நமக்குத் தெரியும். அந்த ஓட்டல்காரருக்கோ மேளக்காரருக்கோ பாகவதர் வீட்டு அம்மாளுக்கோ தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், பசியில் தள்ளாடிக்கொண்டு ஒரு பையன் நிற்கிறான் என்பதுதான். இந்த ஊருக்கு வந்தபிறகும் நிலைமை சுலபமாக இல்லை. ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது உள்ளூர்ப் பிள்ளைகள் கல்லெறிந்தார்கள். அதற்குத் தப்பிப் பாதாள லிங்கத்தின் இருட்டுக்குள் போய் உட்கார்ந்தார். தொடையெல்லாம் புழுபூச்சி கடித்துப் புண்ணானது. சேஷாத்ரி சுவாமிகள் என்ற துறவி முன்னால் நின்று அந்தப் பிள்ளைகளை விரட்டினார். பிறகு சிலர் சேர்ந்து அவரை வெளியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். பழனிசுவாமி என்பவர் வந்து கூடவே தங்கி வருடக்கணக்கில் கவனித்துக்கொண்டார். தாய் அழகம்மாளுக்கு மகன் எங்கே இருக்கிறான் என்பதே 1898 வரை தெரியாது.

பக்தர்கள் இதை வேறு விதமாகச் சொல்வார்கள், அது அவர்கள் உரிமை. என் கண்ணுக்கு இதில் தெரிவது, முன்பின் தெரியாத ஒரு பதினாறு வயதுப் பிள்ளையைச் சாகவிடாமல் காப்பாற்றி அனுப்பிய ஒரு வரிசை மனிதர்கள். இன்றைய சட்டப்படி 18 நிரம்பாத எல்லோரும் குழந்தைகள்தான். இன்றைக்கு ஒரு பையன் அப்படி வந்து இறங்கினால், 2015-ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டம் அவனைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்று சொல்லும்.

இந்த ஊருக்குப் பிள்ளைகள் இப்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். எல்லோரும் ஞானம் தேடி வருவதில்லை. குடித்துவிட்டு வரும் தகப்பனுக்குத் தப்பி வருகிறார்கள். பதினாறு வயதில் நிச்சயம் பண்ணிய கல்யாணத்துக்குத் தப்பி வருகிறார்கள். ரிசல்ட் வந்த அன்று வீட்டுக்குப் போகப் பயந்து வருகிறார்கள். அன்னதானம் கிடைக்கும், படுக்க இடம் கிடைக்கும், பௌர்ணமிக் கூட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கேட்க ஆளில்லாத கூட்டம் என்பது பிள்ளையைத் தேடி வருகிற கெட்டவனுக்கும் தெரியும். கோயில் நகரங்களின் ஆபத்தே இதுதான்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் நீங்கள் எல்லோரும் நடந்திருப்பீர்கள். இடுப்பில் தூங்கும் கைக்குழந்தையோடு பத்து வயதுப் பெண் கை நீட்டும்போது பத்து ரூபாய் போட்டுவிட்டு நடையைக் கட்டியிருப்பீர்கள். மனசு கேட்காமல் போட்டதுதான். ஆனால் அந்தப் பத்து ரூபாய் அந்தப் பெண்ணிடம் நிற்பதில்லை. குழந்தையைப் பிச்சையெடுக்க வைப்பதற்கு 5 வருடம் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் சட்டத்தில் இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது, நாலடி தள்ளிப் போய் நின்று 1098-க்குப் போன் போடுவது. குழந்தைகளுக்கான அந்த உதவி எண் 1996-இல் மும்பையில் ஒரு சிறிய முயற்சியாகத் தொடங்கியது. இப்போது நாடு முழுவதும் அரசே நடத்துகிறது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது. எந்த இடம், கிரிவலப் பாதையில் எந்த லிங்கத்துக்குப் பக்கம், பிள்ளைக்கு என்ன வயதிருக்கும், கூட யார் என்று கேட்பார்கள். நிதானமாகச் சொன்னால் போதும்.

பிறகு என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் போன் செய்யாததற்குக் காரணம் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டி வருமோ என்ற பயம். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்தோ காவல் நிலையத்திலிருந்தோ ஆள் வருவார். பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அந்தக் குழுவில் ஒரு தலைவரும் நாலு உறுப்பினர்களும் இருப்பார்கள். கறுப்பு கோட்டு கிடையாது, கூண்டு கிடையாது. பிள்ளை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசலாம். வீடு பாதுகாப்பானது என்று தெரிந்தால் வீட்டுக்கே அனுப்புவார்கள். பாதுகாப்பில்லை என்றால் காப்பகம், அல்லது சொந்தக்காரர் பொறுப்பு, அல்லது வளர்ப்புக் குடும்பம்.

இதில் நல்ல மனசுக்காரர்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. பாவப்பட்டு, பிள்ளையை நேரே தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அல்லது தெரிந்த ஆசிரமம் ஒன்றில் விட்டுவிட்டு வருவார்கள். அல்லது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ‘அனைவருக்கும் பகிருங்கள்’ என்று போடுவார்கள். மூன்றும் தவறு. கண்டெடுத்த பிள்ளையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்காமல் இருப்பது சட்டப்படி குற்றம். படமும் பெயரும் வெளியிடுவதும் குற்றம். பதிவு பெறாத இல்லத்தில் விட்ட பிள்ளைக்கு நாளை என்ன நடந்தாலும் கேட்க எந்தக் காகிதமும் இருக்காது. இந்த ஊரில் சமய நம்பிக்கையும் வெளிநாட்டுப் பணமும் நல்லெண்ணமும் நிறைய இருப்பதால் இதை நான் அழுத்திச் சொல்கிறேன். நல்லெண்ணத்துக்குப் பதிவு எண் தேவையில்லை என்று நினைக்கிறவர்களிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

இந்த ஊருக்குச் சோறு போடத் தெரியும். ரமணாசிரமத்தில் தினமும் முற்பகலில் சாதுக்களுக்குச் சோறு போடுகிறார்கள். கார்த்திகை தீபத்தன்று ஊரே அன்னதானம் செய்கிறது. இந்தப் பழக்கம் காப்பகங்களுக்கும் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு காப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள். பிறந்தநாள் கேக், பிரியாணிப் பொட்டலம், பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து ஒரு போட்டோ. மத்தியானம் ஒரு குடும்பம், சாயங்காலம் ஒரு குடும்பம். சின்னப் பிள்ளைகள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். திங்கட்கிழமை அதே பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் கிடையாது. ஒருவேளைச் சோற்றுக்கு நூறு பேர் வருகிற இடத்தில், வாரம் ஒரு மணி நேரம் வருடம் முழுக்க வருகிற ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது. சோறு போடுகிறவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. கீழூர் மேளக்காரர் இல்லாவிட்டால் அந்தப் பையன் இந்த ஊருக்கு வந்தே இருக்க மாட்டான். ஆனால் பழனிசுவாமி மாதிரிக் கூடவே தங்கியவர் இல்லாவிட்டால் இங்கே பிழைத்திருக்கவும் மாட்டான்.

காப்பகத்தில் இருக்கிற எல்லோரும் அப்பா அம்மா இல்லாதவர்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பலருக்குத் தாய் இருக்கிறார், சோறு போட வழியில்லாமல் கொண்டுவந்து விட்டிருக்கிறார். அந்தத் தாய்க்கே மாதா மாதம் பணம் கிடைத்தால் பிள்ளை வீட்டிலேயே வளரலாம் என்ற எண்ணத்தில்தான் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் நிதி ஆதரவு வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2025-இல் அன்புக் கரங்கள் என்று மாதம் 2000 ரூபாய்த் திட்டமும் வந்திருக்கிறது. இவை நல்ல திட்டங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாததாலேயே இவை கிடைக்காத வீடுகள் உங்கள் தெருவிலேயே இருக்கும். விதவைச் சான்று, வருமானச் சான்று, பிள்ளையின் ஆதார், வங்கிக் கணக்கு. இந்த விண்ணப்பத்தை எழுதிக்கொடுக்கப் பட்டதாரி வேண்டாம், ஆனால் பட்டதாரிக்கு ஒரு மணி நேர வேலை.

இப்போது பதினெட்டுக்கு வருகிறேன். நான் இன்று பேச வந்ததே இதற்காகத்தான்.

காப்பகத்தில் வளரும் பிள்ளைக்கு 18 முடிகிற அன்று சட்டத்தின் கணக்கில் அவர் குழந்தை இல்லை. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதற்குப் பிறகு பிற்காப்பு என்று ஒன்று இருக்கிறது. தங்க இடம், படிப்பு, தொழிற்பயிற்சி, மாதம் 4000 ரூபாய்வரை உதவி. இதுவும் 21 வயதுவரைதான். சிறப்புக் காரணம் இருந்தால் 23 வரை நீட்டலாம். உங்கள் வீட்டில் உங்களை 21 வயதோடு கைகழுவிவிடப் போகிறார்களா என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மா திருஷ்டி சுற்றிப் போடுவார். வேலை கிடைக்கிறவரை, கிடைத்த பிறகும், கல்யாணம் காட்சி, பிரசவம் என்று அந்த வீடு கூடவே வரும். அதே வயதில் அந்தப் பிள்ளைக்கு அரசாங்கத்தின் கடைசிப் படியும் முடிந்துவிடுகிறது.

குழுவில் இருந்த காலத்தில் ஒரு பையன் வந்தான். கல்லூரியில் பி.காம். இடம் கிடைத்திருந்தது, நல்ல மார்க். விண்ணப்பத்தை மேசைமேல் வைத்தான். பெயர், பிறந்த தேதி எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பியிருந்தான். கடைசிப் பக்கத்தில் ‘பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்’ என்ற கட்டத்தை மட்டும் பேனாவால் சுற்றிச் சுற்றிக் கோடு போட்டு, அந்த இடத்தில் தாள் கிழிந்தே போயிருந்தது. காப்பகத்தில் அவனை வளர்த்த கண்காணிப்பாளர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு அவனைத் தெரியாது, வயதும் முடிந்துவிட்டது என்றார். கல்லூரி ஆபீஸில் ‘அப்பாவைக் கூட்டிட்டு வா’ என்று திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறார்கள். ‘சார், யார்கிட்ட கையெழுத்து வாங்கணும்னு மட்டும் சொல்லுங்க, நான் போய் வாங்கிக்கிறேன்’ என்றான். அதுவரை அழாத பையன் அப்போதும் அழவில்லை.

அவனுக்குக் கையெழுத்துக் கிடைத்தது, படித்தான். ஆனால் கையெழுத்து முதல் கட்டம் மட்டுமே. பொங்கலுக்கு ஹாஸ்டல் மெஸ்ஸைப் பூட்டிவிடுகிறார்கள். உங்களுக்கு அது சந்தோஷமான லீவு. போக வீடில்லாதவனுக்கு அந்த நாலு நாளில் எங்கே படுப்பது, எதைச் சாப்பிடுவது என்பதே கேள்வி. ரேஷன் கார்டில் பெயர் இல்லாததால் முகவரிச் சான்று கிடையாது. சாதிச் சான்றுக்கு விஏஓ தகப்பனின் சான்றைக் கேட்பார். கடன் கேட்டால் ஜாமீன் கேட்பார்கள். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் ‘சொந்த ஊர் எது? அப்பா என்ன பண்றார்?’ வேலைக்கு நேர்முகத்தில் அதே கேள்வி. பெண்பிள்ளையாக இருந்தால் கல்யாணப் பேச்சில் ‘யார் வீட்டுப் பொண்ணு?’ நம் ஊரில் ஒரு மனிதனை அடையாளம் கேட்கிற எல்லாக் கேள்வியும் வீட்டைக் கேட்கிற கேள்விதான். அதற்குப் பதில் இல்லாதவர்கள் அந்த இடத்தைவிட்டு மெல்ல நகர்ந்துவிடுகிறார்கள். நாளைக்கு நீங்கள் அந்தக் கேள்விகளைக் கேட்கிற நாற்காலிகளில் உட்காரப் போகிறீர்கள். கேள்வியை மாற்றிக் கேட்க உங்களால் முடியும்.

தமிழ்நாட்டில் இது முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக நாகப்பட்டினத்தில் அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகம் நடந்தது. அப்போது அந்த மாவட்டக் கலெக்டராக வந்த ஜெ. ராதாகிருஷ்ணனும் அவர் மனைவியும் அந்தப் பிள்ளைகளைப் போய்ப் போய்ப் பார்த்தார்கள். அதன் பிறகு அவர் எத்தனையோ துறைக்கு, எத்தனையோ ஊருக்கு மாற்றலாகிப் போனார். தொடர்பை விடவில்லை. அந்தப் பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போனார்கள். 2022-இல் அவர்களில் ஒரு பெண்ணின் கல்யாணத்தில் பெற்றவர் இடத்தில் அவர் போய் நின்றதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். பலரும் அதை நெகிழ்ச்சியான செய்தியாகப் படித்தார்கள். எனக்கு அதில் பட்டது, பதினேழு வருடம் என்ற அளவு. கலெக்டர் பதவி முடிந்தும் பொறுப்பு முடியவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் கலெக்டர் வர முடியாது, வர வேண்டியதும் இல்லை. பதினேழு வருடம் போனை எடுக்கிற ஒருவர் வேண்டும், அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியாராகவோ நர்ஸாகவோ இருக்கலாம்.

பட்டம் வாங்கியவர்களுக்கும் இந்த வேலைக்கும் நம் மண்ணில் பழைய உறவு உண்டு. 1886-இல் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். ஒருவர் சகோதரி சுப்புலட்சுமி. சிறுவயதிலேயே கல்யாணமாகி, சிறுவயதிலேயே கணவனை இழந்தவர். 1911-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். தன்னைப் போன்ற இளம் விதவைகள் சிலரைக் கூட்டிவைத்துக்கொண்டு எழும்பூரில் ஒரு வீட்டில் அவர்களைப் படிக்கவைக்கத் தொடங்கினார். வீட்டை நடத்தியது அவருடைய சித்தி வாலாம்பாள், அவரும் விதவை. பிறகு அந்தப் பிள்ளைகள் தங்கிப் படிக்கத் திருவல்லிக்கேணிக் கடற்கரை ஐஸ் ஹவுஸ் விடுதியானது. அங்கிருந்து ஆசிரியைகள் வந்தார்கள். இன்னொருவர் முத்துலட்சுமி ரெட்டி. 1912-இல் மருத்துவப் பட்டம். 1930-இல் தேவதாசிக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நகரத்து விடுதிகள் சேர்க்க மறுத்தன. அவர் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது.  இரண்டு பேரும் பட்டத்தைக் கையில் வாங்கியபோது அவர்களுக்கு முன்னால் திட்டமோ நிதியோ இருக்கவில்லை. உங்களுக்கு இரண்டும் இருக்கிறது.

மனசைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆதரவு தேவைப்படுகிறவர்கள் காப்பகத்தில் மட்டும் இல்லை, இந்த வரிசைகளிலும் இருக்கலாம். சென்னையில் 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பு, சாக நினைப்பவர்களோடு பேசுவதற்கென்றே நடக்கிறது. பொதுத்தேர்வில் தோற்ற பிள்ளைகள் ஒரு வருடம் காத்திருக்காமல் சில வாரங்களிலேயே திரும்ப எழுதட்டும் என்று அவர் வலியுறுத்தினார். அரசு துணைத்தேர்வு கொண்டுவந்தது, தேர்வுத் தோல்வியால் நேரும் தற்கொலைகள் குறைந்தன. ஒரு கால அட்டவணையை மாற்றியதில் உயிர்கள் பிழைத்தன. இன்று 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் சேவை இருக்கிறது. தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை, கட்டணம் இல்லை. உயிரை விட முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்று 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆகவே கேஸ் ஆகிவிடும் என்று பயந்து யாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருக்காதீர்கள். பக்கத்தில் ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளி வைத்துக்கொண்டு, தன் பொருளையெல்லாம் பிறருக்குக் கொடுக்க ஆரம்பித்தால் நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த நினைப்பு அதிகமாகிவிடும் என்பது வெறும் பயம்.

உங்களில் சிலர் பேங்க் வேலைக்குப் போவீர்கள். முகவரிச் சான்றாகக் காப்பகக் கடிதத்தோடு ஒரு பிள்ளை கவுன்டருக்கு வந்தால், ‘மேலே கேட்டுச் சொல்றேன்’ என்று அனுப்பாமல் உடனே மேலே கேளுங்கள். சிலர் ஆசிரியர் ஆவீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் திங்கட்கிழமை வரவில்லை, புதன்கிழமையும் வரவில்லை, வீட்டுக்குப் பந்தல்காரர் வந்துபோனார் என்று கேள்விப்பட்டால் அது யார் வீட்டு விவகாரமும் இல்லை, அன்றே 1098. போலீஸ் வேலைக்குப் போகிறவர்கள் பஸ் ஸ்டாண்டில் தூங்கும் பையனை லத்தியால் எழுப்பாதீர்கள். வீடு கட்டி வாடகைக்கு விடுகிற காலம் வந்தால், அப்பா பெயர் இல்லாத ஒரு பிள்ளைக்கு ஒரு அறையைக் கொடுங்கள். இங்கே கல்லூரி நிர்வாகத்தினரும் இருக்கிறார்கள். இந்தப் பொங்கல் லீவுக்கு ஹாஸ்டலில் ஒரு அறையையும் ஒரு சமையல்காரரையும் விட்டுவைக்கும்படி இந்த மேடையிலிருந்தே அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவையும் எல்லோரும் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முதல் சம்பளம் வாங்கிய மாதத்தில் உங்கள் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அலுவலகத்துக்கு ஒரு தடவை போங்கள். எந்த ஊரில் வேலை கிடைத்தாலும் அந்த மாவட்டத்தில் இந்த அலுவலகம் இருக்கும். இந்த வருடம் 18 முடிகிற ஒரு பிள்ளைக்குத் துணையாக நிற்கத் தயார் என்று எழுதிக் கொடுங்கள். உங்களை விசாரிப்பார்கள், காவல்துறைச் சான்று கேட்பார்கள். கேட்கட்டும், கேட்க வேண்டும். பிறகு அந்தப் பிள்ளை கல்லூரியில் சேர்கிற அன்று கூடப் போங்கள், காய்ச்சல் வந்தால் போனை எடுங்கள், தீபாவளிக்கு வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். 21 முடிந்த மறுநாளும் அதே போனை எடுங்கள்.

இந்த மண்டபத்தை விட்டு எழுந்திருக்கும் முன் 1098, 14416 என்ற இரண்டு எண்களையும் உங்கள் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் அம்மா அப்பா போனிலும் நீங்களே சேமித்துக் கொடுங்கள்.